வெள்ளவத்தையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு: வளைவு பழகிய நாட்குறிப்பு

புதன்கிழமை, கொழும்பு

நாளை மாலை கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் நடத்தும் பயிற்சியில் நானும் மாமாவின் மகனும் சேர்ந்திருக்கிறோம். கீத் கோட் என்பவர் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய பள்ளி இது. வளைவில் மோட்டார் சைக்கிளைச் செலுத்துவதைச் சிறு சிறு திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வகுப்பில் விளக்கி, விளக்கிய சூட்டோடு தடத்தில் ஓட்டிப் பழக வைப்பது அதன் முறை. ஒரு நாளைக்கு ஒரு நிலை என்று படிப்படியாக ஏற்றுவார்கள்.

பந்தயம் ஓடப் போகிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்காதவர் இல்லை. பந்தயம் ஓடும் எண்ணம் எங்கள் இருவருக்கும் கிடையாது. காலி வீதியிலும் ஹைலெவல் வீதியிலும் ஓட்டிப் பழகியவருக்கு நெரிசலில் புகுந்து வெளியேறத் தெரியும். முன்னே போகும் ஓட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதன் முன்சில்லு அசையும் முன்பே தெரியும். வளைவு மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வகுப்பறை, சனி ஞாயிறுகளில் நுவரெலியாவுக்கு ஏறும் றம்பொடைப் பாதைதான். எதிரே பஸ் இறங்கி வரும், ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் அந்த இடத்தில் ஒரு தவறைச் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள இயலாது. தவறு செய்தாலும் உயிரோடு மீளக்கூடிய ஓரிடத்தில், தெரிந்தவர் ஒருவர் பின்னால் வந்து கவனித்துச் சொல்ல, இதைப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இலங்கைக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. மலைச்சாலையில் வண்டிகள் நேரம் பார்த்து ஏறும் மஹகஸ்தொட்டப் போட்டி 1934 முதல் நடக்கிறது. களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுக்குருந்தை, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காக அமைத்த ஓடுபாதை. பின்னாளில் அங்கே பந்தயம் ஓடினார்கள். சென்னையின் கதையும் இதுவே. அங்கும் போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. ஆனால் 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேயே தங்கிவிடவில்லை. சொந்தமாக நிலம் தேடி 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் ஒன்றைத் திறந்தது. அப்படி ஓர் இடம் இருந்ததால்தான் இப்படி ஒரு பள்ளி அங்கே வருகிறது.

மாலையில் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நானா இளவயதில் கட்டுக்குருந்தையில் ஓடியவர். எங்கள் தோல் உடையின் தோள், முழங்கை, முழங்கால் தையல்களை விரலால் இழுத்துப் பார்த்தார். கையுறையைப் புரட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரட்டைத் தோல் வைத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். விழும்போது கை தானாக நிலத்தில் ஊன்றும், முதலில் தேய்வது அந்த இடம்தான் என்றார். மச்சானின் சப்பாத்து கணுக்காலுக்குக் கீழே நின்றதைக் கண்டு, "இது ஆபீசுக்குப் போடுங்க தம்பி, அங்க உடமாட்டாங்க" என்று சொல்லி, உள்ளே போய்த் தன் பழைய நீள் சப்பாத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். படியிறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "டயர் சூடாகுற வரைக்கும் கைய முறுக்காதீங்க. முதல் ரெண்டு ரவுண்டு ஒருத்தருக்கும் காட்டுறதுக்கில்ல."

வியாழக்கிழமை, சென்னை

பறப்பு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். தோல் உடைகளும் தலைக்கவசங்களும் பயணப்பொதியின் எடையில் பாதியைத் தின்றுவிட்டன. மாமி விமான நிலையம் வரை வந்து, "கவனமாப் போயிட்டு வாங்கோ பிள்ளையள், ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பாக்காதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார். இரவு பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதியில் தங்கியிருக்கிறோம். காலை ஆறரைக்கு வண்டிகளின் பரிசோதனை.

வெள்ளிக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை

தடத்தின் நீளம் 3.717 கிலோமீற்றர், வளைவுகள் பன்னிரண்டு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். விடிகாலையில், வண்டிகளை ஆயத்தம் செய்யும் பிட் பகுதியில் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுகிறார்கள், முன் விளக்குக்கு டேப் ஒட்டுகிறார்கள், காற்றழுத்தம் பார்க்கிறார்கள். வண்டி விழுந்தால் கண்ணாடித் துண்டு தடத்தில் சிதறக் கூடாது என்பதற்காகத்தான் இந்த டேப். நாங்கள் வாடகைக்கு எடுத்தவை ஓசூரில் செய்யப்படும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 312 சிசி, ஒற்றை சிலிண்டர். சுற்றிலும் ஆயிரம் சிசி வண்டிகள் நின்றபோது மச்சானுக்கு முகம் சற்று வாடியது. பயில்வதற்குச் சிறிய வண்டியே நல்லது என்பது என் முடிவு. பெரிய வண்டியில் வளைவுக்குள் மெதுவாக நுழைந்தாலும் வெளியேறியதும் நேர்ப்பாதையில் முறுக்கி ஈடுகட்டிவிடலாம். சிறிய வண்டியில் நுழையும் வேகத்தைச் சரியாகக் கணித்தே ஆக வேண்டும்.

முதல் வகுப்பு விதிகளைப் பற்றியது. மஞ்சள் கொடி காட்டினால் ஆபத்து, முந்தக் கூடாது; சிவப்புக் கொடி என்றால் எல்லோரும் வேகம் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும்; கறுப்புக் கொடி யாரைக் குறிக்கிறதோ அவர் உள்ளே வர வேண்டும். முந்தும்போது இருவருக்கும் இடையே ஆறு அடி இருக்க வேண்டும். கொழும்பில் ஆறு அங்குலம் போதும் என்று பழகிவிட்ட எங்களுக்கு அந்த ஆறு அடி பெரும் நிம்மதியாக இருந்தது. பின்னால் வருபவர் இடித்துவிடுவாரோ என்ற எண்ணம் மனத்திலிருந்து இறங்கியதும், தடத்தைக் கவனிக்க எவ்வளவு இடம் பிறக்கிறது என்பதை முதல் சுற்றிலேயே உணர்ந்தேன்.

இன்றைய பயிற்சியின் உயிர், வேகம் கூட்ட வலது கையால் முறுக்கும் த்ரொட்டிலில் இருந்தது. விதி ஒன்றுதான்: வளைவில் வண்டி திரும்பியதும் த்ரொட்டிலைச் சிறிது திறந்து, பிறகு வளைவு முடியும் வரை சீராகவும் மென்மையாகவும் இடைவிடாமலும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், நடுவில் மூடக் கூடாது. காரணத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்கள். முன் டயர் சிறியது, பின் டயர் அகலமானது. எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு முன்னும் 60 விழுக்காடு பின்னும் அமர்ந்தால்தான் இரண்டும் தத்தம் அளவுக்கு ஏற்பச் சுமக்கும். த்ரொட்டிலை மூடினால் எடை முன்னால் பாய்கிறது, முன் சஸ்பென்ஷன் அமுங்குகிறது, வண்டி தாழ்ந்து தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைகிறது, சிறிய டயர் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. வளைவின் நடுவே பயந்த மனிதன் முதலில் செய்வது கையை மூடுவதுதான். தன்னைக் காக்க அவன் செய்யும் அந்தச் செயலே அவனை வளைவுக்கு வெளியே கொண்டுபோகிறது. இதைக் கேட்டபோது றம்பொடையில் தடுப்புச் சுவருக்குள் போன நண்பர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்களில் எவருக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பழகிய முறைதான் என்னைக் கவர்ந்தது. ஒரே கியர், பிரேக் கிடையாது. அவ்வளவு நீளமான தடத்தில் பிரேக்கைத் தொடாமல் சுற்ற வேண்டும் என்றதும் சிலர் சிரித்தார்கள். ஓடிப் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. கடைசி நொடியில் பிரேக் காப்பாற்றும் என்ற வழி அடைபட்டதும், கண் தானாகவே வேகத்தை அளக்கத் தொடங்குகிறது. எவ்வளவு தொலைவில் கையைத் தளர்த்தினால் எந்த வேகத்தில் வளைவுக்குள் போகலாம் என்பது ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் துல்லியமாகப் பிடிபட்டது.

அடுத்து, திரும்பும் இடம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தரையில் எக்ஸ் வடிவில் அடையாளம் ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் போய்த்தான் திருப்ப வேண்டும். பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே திரும்பத் தொடங்குவதை ஓரத்தில் நின்று பார்த்தேன். வளைவு நெருங்கி வருவதன் பயம்தான் அப்படிச் சீக்கிரம் திருப்ப வைக்கிறது. சீக்கிரம் திரும்பியவர் வளைவின் உள்விளிம்பை முன்னரே தொட்டுவிடுவார். பிறகு வெளியேறும்போது தடத்தின் வெளி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கே மறுபடியும் கையை மூடுவார். ஒரு பயம் இன்னொரு பயத்தைப் பெறுகிறது.

மதியம் ஹேண்டில் பயிற்சி. தடத்துக்கு வெளியே காலியிடத்தில் பயிற்றுநர் நிற்க, ஒவ்வொருவராக மெல்ல ஓட்டிக்கொண்டு போய் இடமும் வலமுமாக வளைந்து காட்ட வேண்டும். இடப்பக்கம் போக இடது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். தள்ளியதும் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. இதைத்தான் கவுண்டர்ஸ்டியரிங் என்கிறார்கள். சைக்கிள் ஓட்டும் சிறுவனும் அறியாமலே இதைச் செய்கிறான். ஆனால் உடலைச் சாய்த்தால் வண்டி திரும்பும் என்ற நம்பிக்கை பலருக்கு வேரோடிக் கிடக்கிறது. அதைத் தீர்ப்பதற்காகவே கீத் கோட் ஒரு வண்டி செய்தார்: சட்டகத்தோடு அசையாமல் பொருத்திய இரண்டாவது ஹேண்டிலும், அதற்கென்று தனி த்ரொட்டிலும் அதில் உண்டு. அந்த அசையா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவுதான் உடலை வளைத்தாலும் வண்டி சிறிது தள்ளாடுமே தவிர, நினைத்த இடத்தில் நினைத்த வேகத்தில் திரும்பாது.

மச்சானின் தோள்கள் இறுகியிருந்ததை அவனுடைய பயிற்றுநர் கவனித்து, தடத்தில் அவனை முந்திப் போய், ஓட்டிக்கொண்டே தன் முழங்கைகளைக் கோழி சிறகடிப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். அதைக் கண்டதும் தானும் முழங்கைகளைத் தளர்த்தினானாம்; அதுவரை கையில் குதித்துக்கொண்டிருந்த வண்டி உடனே அமைதியாகிவிட்டது என்று இரவு இட்டிலியை வைத்துக்கொண்டு பலமுறை சொன்னான்.

சனிக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை

இன்று முழுவதும் கண்ணுக்கான வேலை.

மணிக்கு 120 கிலோமீற்றரில் ஒரு நொடிக்கு 33 மீற்றருக்கு மேல் கடந்துவிடுகிறோம். அரை நொடி தாமதமாகப் பார்த்தவர், பார்க்காத 16 மீற்றரைக் கடந்துவிட்டார் என்று அர்த்தம். இதை எண்ணாகச் சொன்ன பிறகுதான் வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேற்றே தொடங்கிய பாடம் இது: திரும்பும் இடத்தை முன்கூட்டியே கண்டுவிட்டு, அந்த இடத்தை வண்டி அடையும் முன்னரே கண்ணை வளைவின் உள்ளே, அடுத்துப் போக வேண்டிய இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். கண் போனாலும் கை பொறுக்க வேண்டும். பார்த்த பக்கமே வண்டியைத் திருப்பிவிடுவது நம் இயல்பு. ஆகவே கண்ணையும் கையையும் பிரிப்பதற்குத் தனிப் பழக்கம் தேவைப்படுகிறது.

இன்று சேர்த்தவை: தரையில் ஒட்டுப்போட்ட இடம், நிற மாற்றம், ஓரக்கல்லின் முனை என்று எது அசையாமல் நிற்கிறதோ அதை அடையாளமாகக் கொள்வது, பிறகு, ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே சுற்றியுள்ள முழுப் பரப்பையும் கண்ணில் வைத்திருப்பது. பயம் வந்ததும் பார்வை குறுகி, ஒரே இடத்தில் குத்திட்டுவிடுகிறது. அப்படிக் குறுகியதும் வேகம் இரட்டிப்பாகத் தோன்றுகிறது. பார்வையை விரித்த சுற்றில் அதே வேகம் மெதுவாகத் தெரிந்தது. பிரதான நேர்ப்பாதையின் முடிவில் வரும் முதல் வளைவு மிக வேகமானது. நேற்று அங்கே போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்று பிற்பகல் அதே வளைவில் இடப்பக்க மார்ஷல் சாவடியும், அதன் மேலே நின்றவரின் கையில் சுருட்டி வைத்த கொடியும், தரையின் கறுப்பு ரப்பர்த் தடமும் ஒருசேரத் தெரிந்தன. கை தானாகவே நிதானமாக இருந்தது.

பூனாவிலிருந்து வந்திருந்த ஒருவர் எங்களை "கொழும்பா? அங்கே தமிழில் பேசுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர் அண்ணா எங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலை எங்களிடம் நீட்டினார். வெயில் முப்பது பாகையைத் தொட்டிருக்கும். தோல் உடைக்குள் அது வேறு கணக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் தண்ணீர் குடிக்காதவர் மாலை வகுப்பில் கண் சொருகிப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை

உடலின் முறை இன்றுதான் வந்தது. படங்களில் பார்த்து முழங்காலைத் தரையில் தேய்க்கும் ஆசையோடு வந்தவர்களை இரண்டு நாட்கள் காத்திருக்க வைத்தது மிகச் சரியான ஏற்பாடு என்பேன். கையும் கண்ணும் அமையாதவன் உடலைத் தொங்கவிட்டால், ஹேண்டிலைப் பற்றித்தான் தொங்குவான்.

ஏன் தொங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில், 41 மீற்றர் ஆரமுள்ள வளைவைச் சுற்றினால் வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து ஏறக்குறைய 45 பாகை சாய வேண்டும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் சாய்வு 50 பாகையாகிவிடும். ஏனெனில் சாய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உடல் உள்பக்கம் நகர்ந்தால் வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பொதுவான ஈர்ப்பு மையமும் உள்ளே நகர்கிறது. அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். சாய்வு குறைந்தால் டயருக்கு மிச்சம் இருக்கிறது.

தடத்துக்குப் போகும் முன் ஒரு வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் அதில் ஏற்றிப் பழக்கினார்கள். வெளிப்பக்க முழங்காலை டேங்கின் வளைவில் அழுத்தி, பாதத்தின் முன்பகுதியை மிதியில் ஊன்றி, தொடையைப் பூட்ட வேண்டும். பூட்டிய பின் பயிற்றுநர் என் இரு கைகளையும் ஹேண்டிலிலிருந்து எடுக்கச் சொன்னார். உடல் அப்படியே நின்றது. "இப்போது கைகளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். திருப்புவது மட்டும் என்றேன். பிறகு அவர் என் பாதத்தை மிதியில் அரை அங்குலம் நகர்த்தினார். அந்தச் சிறு நகர்வில் முழங்கால் டேங்கில் புதிதாகப் பிடித்துக்கொண்டது. என் உயரத்துக்கும் கால் நீளத்துக்கும் ஏற்ற இடம் அது என்று தோளில் தட்டினார்.

பிற்பகல் ஓட்டங்களில் அந்தப் பூட்டு நிலைத்தது. நீண்ட வலது வளைவில் தலையையும் தோளையும் இன்னும் தாழ்த்தி உள்ளே கொண்டுபோனால், கூடுதலாகச் சாய்க்காமலே வண்டி இன்னும் இறுக்கமாகத் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். அவ்வாறே திரும்பியது. கடைசிக் கொடி விழுந்தபோது உள்ளே வர மனம் வரவில்லை. மச்சான் தன் முழங்கால் தேய்வுத் துண்டில் விழுந்திருந்த சிறு கீறலை நானாவுக்குப் படமெடுத்து அனுப்பினான். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "டயரையும் ஒரு போட்டோ அனுப்புங்க." டயரின் ஓரம் வரை சீராகத் தேய்ந்திருந்ததைப் பார்த்த பின்புதான் அவர் "நல்லம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, கொழும்பு

நேற்று இரவு வந்து சேர்ந்தோம். இன்று காலை அலுவலகத்துக்கு மரைன் டிரைவ் வழியாக என் பழைய 150 சிசி வண்டியில் போனேன். வேகம் எங்கும் நாற்பதைத் தாண்டவில்லை. பம்பலப்பிட்டியில் திரும்பும்போது கண் முன்கூட்டியே உள்வீதியின் வாயைத் தேடியது. அங்கே பின்னோக்கி வந்துகொண்டிருந்த வானை வழக்கத்தைவிட நன்றாக முன்பே கண்டேன். தடத்தில் பழகியது நகரத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லலாம்.

போக விரும்பும் கொழும்பு நண்பர்களுக்குச் சில செய்திகள். இந்திய இ-விசாவை முன்னரே எடுத்துவிடுங்கள். மேலும் கீழும் இணையும் தோல் உடை, முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலை மூடும் சப்பாத்து, முழு முகத் தலைக்கவசம் ஆகியவை இல்லாமல் தடத்தில் இறங்க முடியாது. கடன் வாங்குவதானால் உங்கள் உடலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். தொளதொளத்த உடையில் காப்புத் தகடு விழும்போது இடம் மாறிவிடும். ஒரு மாதம் முன்பே தொடைக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி தொடங்குங்கள், கைகளை அல்ல, கால்களைத்தான் வேலை வாங்கப் போகிறீர்கள்.

இங்கே நிரந்தரத் தடமும் பள்ளியும் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அது வரும் வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. பிரேக் இல்லாமல் வேகம் கணிப்பது, சுண்ணாம்பால் போட்ட எக்ஸில் போய்த் திருப்புவது, கண்ணை முன்னே அனுப்பிக் கையைப் பொறுக்க வைப்பது ஆகிய அனைத்தையும் மணிக்கு முப்பது கிலோமீற்றரில், ஒரு வெற்றுத் திடலில் பழகலாம். தெகிவளையில் நண்பர் ஒருவரின் களஞ்சிய வளவு ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும். அவரிடம் இன்று அனுமதி வாங்கிவிட்டோம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மச்சான் சுண்ணாம்பும் கூம்புகளும் கொண்டுவருவான், நானா டயர் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீளக் காற்சட்டையும் கையுறையும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் இல்லாமல் வருபவர்கள் ஓரத்தில் நின்று பார்க்கலாம். வண்டியில் ஏற்ற மாட்டோம்.